கழுவாமல் நிரப்பிய பேனா

ஜூன் 2, செவ்வாய்

மதிய இடைவேளையில் மை வாங்கினேன். பெட்டியில் ‘வைன் சிவப்பு’ என்று போட்டிருக்கிறது. நான் வைன் குடித்ததில்லை. நாவல்களில்தான் குடித்திருக்கிறேன், அதுவும் ஏராளமாக. புட்டியைச் சாய்த்தால் மை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்குகிறது. ஒட்டிய இடம் ரோஜா நிறம். அடியில் கிட்டத்தட்டக் கறுப்பு.

பேனா எழுதிப் பார்ப்பதற்காகக் கடை மேசையில் ஒரு நோட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். போகும்போதெல்லாம் அதைப் படிப்பேன். பாதிப் பேர் தங்கள் பெயரை எழுதுகிறார்கள். மீதிப் பேர் சுழி சுழியாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருவர் “எழுதுது” என்று எழுதியிருந்தார். கடைக்காரர் நோட்டை என் பக்கம் தள்ளினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். பேனாவைக் காகிதத்தில் வைத்தால் எனக்கு மனதில் ஓடுவதுதான் வரும். அதைப் போய் ஊர் பார்க்கும் நோட்டில் எழுதுவதா?

அலுவலகத்துக்குத் திரும்பியதும் பொறுமை இல்லை. பேனாவில் கொஞ்சம் கறுப்பு மை மிச்சமிருந்தது. கழுவாமலே புதிய மையை நிரப்பினேன். மைப் பைத்தியம் எதுவும் இதைச் செய்யாது. என் நோட்டில் மை ஊறிப் பரவும், நான் பிழை திருத்தும் மெய்ப்புத்தாள்தான் வழவழப்பு. முன்னால் கிடந்த மெய்ப்புக் கட்டில் ஏழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் பாதிக்கு மேல் காலி. அதன் அடியில் ஒரு வரி எழுதிப் பார்த்தேன். கறுப்பாகத்தான் வந்தது. எழுத்தின் ஓரத்தில் மட்டும், உற்றுப் பார்த்தால், சிவப்பு. அதற்குள் எடிட்டரிடமிருந்து “அவசரம்” என்று சீட்டு. கட்டைக் கட்டி, கீழே டைப்செட்டிங்குக்குப் போவதற்காக மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் தட்டில் வைத்தேன்.

வீட்டில் கழுவி மறுபடி நிரப்பினேன். இதோ, இப்போதுதான் அசல் நிறம். அறைத்தோழி இருந்திருந்தால் “ரத்தத்துல எழுதின மாதிரி இருக்குடி” என்றிருப்பாள். மூன்று வருடம் ஒரே அறை. வேலை மாற்றலில் அவள் போய் ஒன்பது நாள். ‘வந்து சேர்ந்துட்டேன்’ என்று ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான். அவள் கட்டிலில் என் புத்தகங்களை அடுக்கினேன். காலியாகத் தெரியவில்லை. புத்தகங்கள் படுத்திருப்பது போலத் தெரிகிறது.

ஜூன் 3, புதன்

நேற்று இங்கே எழுதிய வரி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சிவப்பெல்லாம் ஓடிப்போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மிஞ்சியது. அந்தக் கோட்டைப் படிக்க முடிகிறது.

ஜூன் 7, ஞாயிறு

அம்மா கூப்பிட்டாள். புது மை வாங்கினேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“மையா? இருக்கிற பேனா எழுத மாட்டேங்குதா?”

“எழுதுதும்மா.”

“அப்புறம்?”

அம்மாவே பேச்சை மாற்றினாள். பெரியம்மா மகளின் இரண்டாவது பிரசவம், கீழ்வீட்டுக்காரர் பைப்பு, எல்லாம் சொன்னாள். இருபத்திரண்டு நிமிடம். நான் ‘ம்’ போட்டேன். அம்மாவோடு நான் பேசுவதில்லை, அம்மாவுக்குப் பதில் சொல்கிறேன். கடையில் “எவ்வளவு?” என்பதும், பஸ்ஸில் “இறங்கணும்” என்பதும் இதே வகைதான். அதையெல்லாம் நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

ஆம், எண்ணுகிறேன். இன்றோடு பதினான்கு நாள்.

ஜூன் 15, திங்கள்

நிப் காகிதத்தைக் கீறுகிறது.

இரண்டாம் மெய்ப்பு வந்தது. மலையுச்சி வானிலை நிலையத்தில் பதினோரு மாதம் வேலை பார்த்த ஒரு பெண்மணி எழுதிய புத்தகம். நிலையத்தில் மொத்தமே இரண்டு பேர், அவரும் இன்னொரு பெண்ணும். மூன்று மணிக்கொரு தரம் காற்று, மேகம், வெப்பம் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். புத்தகம் முழுக்க இருவரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கீழே டைப்செட்டிங் செய்கிற அண்ணன் அவருக்கு மேகக்காரம்மா என்று பெயர் வைத்திருப்பதாக, கட்டோடு வரும் சீட்டுகளில் பார்த்திருக்கிறேன்.

பக்கம் 112. ஏழாம் அத்தியாயம் “மூட்டம் விலகவே இல்லை” என்று முடியும். போன தடவை அப்படித்தான் முடிந்தது. இப்போது அதற்குக் கீழே, அதே எழுத்தில், அதே அளவில், இன்னொரு வரி:

‘இங்கே யாரோடும் பேசாமல் இன்றோடு ஒன்பது நாள்.’

என் வரி. நான் பேனா எழுதுகிறதா என்று பார்த்த வரி.

எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு சட்டம்தான். கறுப்பு மை நூலாசிரியருடையது. கேள்வி கேட்காமல் அப்படியே சேர்க்க வேண்டும். சிவப்பு என்னுடையது, சந்தேகம் வந்தால் கேட்கலாம். அண்ணன் கறுப்பைப் பார்த்தார், சேர்த்தார். அவர் மேல் என்ன தப்பு? நான்தான் கழுவாமல் நிரப்பினேன், மெய்ப்புத்தாளில் கிறுக்கினேன். முதல் வாரமே எனக்குச் சொல்லித்தந்த விஷயம் இது, திருத்தம் தவிர ஒரு புள்ளி வைக்கக்கூடாது என்று. ச்சே.

நூலாசிரியரின் பிரதி சனிக்கிழமையே கூரியரில் போய்விட்டது.

ஜூன் 16, செவ்வாய்

அலுவலகப் பிரதியில் அந்த வரியைச் சிவப்பால் அடித்தேன். அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

இப்போதே எடிட்டரிடம் போய்ச் சொன்னால் ஒரு நிமிட வேலை. அந்த வரி ‘எழுதுது’ என்று இருந்திருந்தால் நேற்றே சொல்லியிருப்பேன். தப்பை ஒப்புக்கொள்ள எனக்குப் பயமில்லை. அந்த வரியை என்னுடையது என்று ஒப்புக்கொள்ளத்தான். “ஏன், யாரும் பேசறதில்லையா உங்ககிட்ட?” என்று ஒருவர் இரக்கமாகக் கேட்டுவிட்டால் நான் எங்கே போய் நிற்பது?

நூலாசிரியர் கவனிக்காமல் விட்டுவிடலாம். எழுதியவர்கள் தங்கள் மெய்ப்பைச் சரியாகப் படிப்பதே இல்லை.

ஆனால் அண்ணனுக்குப் போன மாதம்தான் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், இரண்டு பக்கங்களை மாற்றி வைத்ததற்காக. இன்னொன்று வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லி.

ஜூன் 17, புதன்

சொல்லவில்லை.

ஜூன் 18, வியாழன்

அவர் கவனித்துவிட்டார். பதினொரு மணிக்கு நேரில் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குட்டை முடி, தோளில் ஈரக் குடை. புத்தகத்தில் சிரிப்பவர் இவர்தானா என்று இருந்தது. எடிட்டரின் மேசையில் 112ஆம் பக்கத்தை வைத்துவிட்டு, நின்றபடியே கேட்டார்:

“இத யார் போட்டது?”

எடிட்டர் படித்தார். அண்ணனைக் கூப்பிட ஆள் அனுப்பினார். மூன்று வருடத்தில் அண்ணனை நான் முழுதாகப் பார்த்தது அப்போதுதான். இதுவரை தட்டிலிருந்து கட்டை எடுக்கும் ஒரு கைதான் தெரியும். முதல் மெய்ப்புக் கட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார். கறுப்பாக இருந்தது, மேடம் எழுதியது என்று நினைத்தேன் என்றார். மேடம் இது என் கையெழுத்தே இல்லை என்றார். எடிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது நல்லதுக்கு இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

“போன மாசமும் இதே கதைதான். இனிமே என்னால முடியாதுப்பா.”

அண்ணன் கட்டின் கயிற்றைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டிருந்தார்.

எழுந்தேன். நாற்காலி பெரிதாகச் சத்தம் போட்டது.

“நான்தான் சார் எழுதினேன். பேனா எழுதுதான்னு பாத்தேன்.”

“பேனா எழுதுதான்னு பாக்கறவங்க அ, ஆ எழுதுவாங்க,” என்றார் எடிட்டர்.

மேகக்காரம்மா முதல் மெய்ப்பில் என் வரி இருந்த தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்துச் சிவப்பு அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். திரும்பி என்னைக் கேட்டார், மெதுவாக:

“இத உங்களுக்கு யார் சொன்னா?”

புரியவில்லை.

“அவளப் பாத்தீங்களா? அவ சொன்னாளா?”

“யாரும் சொல்லல மேடம். அது என்னப் பத்தினது.”

சொல்லிவிட்டேன். இரக்கமாக யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் மட்டும் ஈரக் குடையைத் தரையில் போட்டுவிட்டு, எனக்கு எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நாங்க ரெண்டு பேர்தான் அங்க. ஒரு சுவர். அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். நாப்பத்தோரு நாள் பேசிக்கல. என் புத்தகத்துல அது இல்ல.”

பிறகு எடிட்டரிடம் ஏழாம் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எப்போது தருவீர்கள் என்று எடிட்டர் கேட்பதற்குள் இறங்கிப்போனார். குடையை மறந்துவிட்டார்.

ஜூன் 19, வெள்ளி

என் மேசையில் சீட்டு: ‘இனி அலுவலகத்தில் சிவப்புப் பால்பாயிண்ட் மட்டும். வேறு பேனா கூடாது. புத்தகம் ஒரு மாதம் தள்ளிப்போகிறது.’ கீழே அடிக்கோடு, இரண்டு முறை. அண்ணனைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் வேலையில் இருக்கிறார் என்று தட்டில் இருந்த கட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மத்தியானம் யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அல்லது பார்த்தார்களோ? நான்தான் நிமிரவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

கீழ்வீட்டுக்காரர் பைப்பைச் சரிசெய்துவிட்டதாக அம்மா சொன்னாள். அலுவலகத்தில் நடந்ததைச் சொல்ல வாய் வரை வந்தது. “ம்” என்றேன்.

இருபத்தெட்டு.

ஜூன் 23, செவ்வாய்

அண்ணன் மாடிக்கு வந்தார். கட்டைத் தட்டில் வைக்காமல் நேராக என் மேசையில் வைத்தார். கண்ணாடித் தடம் பதிந்த மூக்கு, விரல் நுனியெல்லாம் தேய்ந்து பளபளப்பு. என்ன சொல்வாரோ என்று பயந்தேன். நான் வாயைத் திறக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டது அவருக்குத் தெரியாது. அதையும் சொன்னேன். மன்னிப்பு கேட்டேன். எனக்கே பிடிக்காத அளவு நீளமாகக் கேட்டேன்.

“அத விடும்மா,” என்றார். “ஒம்போது நாளா பேசலன்னு எழுதியிருந்தீங்களே. நான் கீழதான உக்காந்திருக்கேன். எண்ணி பதிமூணு படி.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், பதினான்கு என்றேன். அவர் படியை எண்ணிக்கொண்டே இறங்கினார். கீழேயிருந்து குரல் வந்தது: “பதிமூணுதான்.”

ஜூன் 28, ஞாயிறு

பகல் முழுக்கப் படித்தேன். பக்கம் திருப்பும் சத்தம் இந்த அறையில் இவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை. ஒரு நண்பர் பதிமூன்று படி கீழே இருப்பதும், ஞாயிற்றுக்கிழமை அறையில் ஒருவர் இருப்பதும் வேறு வேறு விஷயங்கள்.

அறைத்தோழிக்கு ஒரு கடிதம் தொடங்கினேன், வைன் சிவப்பில். ‘நீ போனதிலிருந்து’ என்று எழுதி நிறுத்தினேன். மை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கி மங்கி நடுவுக்கு வருகிறது. சுமார் இருபது விநாடி.

ஜூலை 6, திங்கள்

ஏழாம் அத்தியாயம் வந்தது. முழுக்கக் கையால், கறுப்பு மையில், புதிதாக எழுதியிருக்கிறார்.

அலாரக் கடிகாரத்தில் தொடங்கியிருக்கிறது சண்டை. யாரோ அதை நிறுத்தியதில் காலை ஆறு மணிப் பதிவு தவறிப்போனது. நீ, நான் என்று பேச்சு வளர்ந்தது. பிறகு பேச்சே இல்லை. பதிவேட்டில் மட்டும் ஒருவர் எழுத்துக்குக் கீழே மற்றவர் எழுத்து: காற்று வடமேற்கு, வெப்பம் நான்கு, மேகம் எட்டில் எட்டு. வானத்தை எட்டுப் பங்காக எண்ணுவார்களாம். எட்டில் எட்டு என்றால் துளி நீலம் இல்லை. முப்பத்தெட்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். இவர் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து இருமலைக் கேட்டபடி படுத்திருந்தார். எழுந்து போகவில்லை. அதற்குக் காரணம் எதையும் அவர் எழுதவில்லை. திருத்த ஒன்றுமே இல்லாத நான்கு பக்கங்கள்.

கடைசியில்: ‘மூட்டம் விலகவே இல்லை. இங்கே யாரோடும் பேசாமல் இன்றோடு நாற்பத்தோரு நாள்.’

ஒரு துண்டுக் காகிதம் தனியாக எனக்கு. ‘கடைசி வரி உங்களுடையது. எண்ணை மட்டும் மாற்றினேன். வைத்துக்கொள்ளட்டுமா? புதிய அத்தியாயத்தை அவளுக்குத்தான் முதலில் அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.’

மூன்று வருடமாக மற்றவர்கள் வரியில் பிழை பார்க்கிறேன். என் வரி ஒன்று அச்சுக்குப் போகிறது, இன்னொருவர் வாழ்க்கைக்குள் இருந்துகொண்டு. ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்று பதில் எழுதினேன், வீட்டுக்கு வந்து, சட்டத்தை மீறாமல். பிறகு அறைத்தோழியின் கடிதத்தை எடுத்து, ‘நீ போனதிலிருந்து’ என்ற இடத்திலிருந்து மேலே போனேன். இரண்டு பக்கம் வந்தது.

ஜூலை 17, வெள்ளி

இறுதி மெய்ப்பில் கையெழுத்துப் போட மேகக்காரம்மா வந்தார். வந்த வேலை முடிந்தும் போகவில்லை. எடிட்டர் வெளியே போயிருந்தார்.

“அந்த மை எங்க?” என்றார்.

அலுவலகத்தில் கூடாது என்றேன். பைக்குள் இருக்கிறதா என்றார். இருந்தது. கட்டோடு மேலே வந்த அண்ணனும் நின்றுவிட்டார், எடிட்டர் வருகிறாரா என்று தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி. மை எழுதிப் பார்க்கும் என் நோட்டைத் திறந்தேன். இரண்டு வருடத்தில் என் கையெழுத்து தவிர வேறு எதுவும் அதில் விழுந்ததில்லை.

முதலில் அண்ணன் வாங்கி, நிப்பைத் தலைகீழாகப் பிடித்து, நான் திருப்பிவிட்டதும், ‘நாளைக்கு லீவு’ என்று எழுதினார். நாளை சனிக்கிழமை, லீவு இல்லை. “எழுதிப் பாத்தேன், அவ்வளவுதான்,” என்றார்.

அடுத்து மேகக்காரம்மா பேனாவை வாங்கிக்கொண்டார். அவளிடமிருந்து பதில் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார், தலையைத் தூக்காமல். பிறகு தேதி போட்டார், நேரம் போட்டார், எழுதினார்: ‘காற்று இலேசு. மேகம் எட்டில் மூன்று.’

அவர்கள் போன பிறகு ஜன்னலுக்குப் போய் வானத்தை எண்ணிப் பார்த்தேன். எனக்கு நான்கு வந்தது. அண்ணனுக்கு எத்தனை வரும் என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.