பாலத்துக்கு அந்தப் பக்க நம்பர்

கேல்,
ஜேர்மனி.
02.03.2008

அன்புத் தம்பி சோதிலிங்கத்துக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அத்தானும் பிள்ளை துஷானியும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் கனகவல்லியும் பிள்ளை கண்மணியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

பஸ் ஏறினால் றைன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பிரான்ஸ் பக்கத்தில் உன் கடைக்குக் கிட்ட வந்து இறங்கலாம். அப்படியிருக்க முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறாளே என்று நினைப்பாய். போன் எடுத்தால் கனகவல்லிதான் எடுக்கிறாள். "அவர் சாமான் இறக்கிறார் மச்சாள்" என்கிறாள். ஒரு மாரிகாலம் முழுக்க ஒரு மனிதன் சாமான் இறக்குவானா? அவளும் பாவம், எத்தனை பொய்தான் சொல்லுவாள். கடிதம் என்றால் கிழிப்பதற்காகவாவது நீ கையில் எடுக்கவேண்டும். கிழிக்கும்போது ஒரு வரியாவது கண்ணில் படும்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். துஷானிக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது. பையனின் பெயர் பிரவீணன். ஸ்டுட்கார்ட்டில் வாகன உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் எஞ்சினியர். தாய் தகப்பன் சுழிபுரம் ஆட்கள், மரியாதை தெரிந்த சனம். வைகாசியில், மே பதினெட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இங்கே கேலிலேயே வைக்கிறோம். அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் நானும் அத்தானும் முறைப்படி தட்டத்தோடு வருவோம். கதவைத் திறப்பாயோ மாட்டாயோ என்று தெரியாமல்தான் முதலில் இதை எழுதுகிறேன்.

கண்மணி பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டு நாளைப் பற்றிக் கதைக்காமல் மற்றதைக் கதைக்க என்னால் முடியவில்லை. ஐப்பசியிலிருந்து அந்த நாளைச் சுற்றிச் சுற்றித்தான் எல்லாரும் நடக்கிறோம்.

துஷானியின் வேலை என்னவென்று உனக்குச் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். அவள் நகரசபையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தபோது நீதான் முதலில் இனிப்போடு வந்தாய். மருமகளுக்குக் கந்தோர் வேலை என்று கடைக்கு வருகிற எல்லாருக்கும் சொன்னாய். பிறகு அவளை வீதிக்கு அனுப்பினார்கள். சீருடை போட்டுக்கொண்டு, வாகனங்கள் விடக்கூடாத இடத்தில் நின்றால் தண்டம் எழுதிக் கண்ணாடியில் செருகுகிற வேலை. சனிக்கிழமைகளில் இந்த ஊரில் நிற்கிற வாகனங்களில் பாதி உங்கள் பக்கத்து நம்பர். இங்கே மலிவென்று சிகரெட் வாங்க, சவர்க்காரம் வாங்க வருகிறவர்கள். அவள் எழுதுகிற துண்டு பாலத்தைத் தாண்டி வராது என்று அவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சிலபேர் அவள் கண்ணுக்கு முன்னாலேயே கசக்கி எறிந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்களாம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இந்த ஊர்க்காரர் "எங்களைத்தானே உன்னால் பிடிக்கமுடியும்" என்று அவளைத்தான் ஏசுவார்கள். அதிலும் அவள் கறுப்பு. மிச்ச ஏச்சை நான் இங்கே எழுதவில்லை. இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றித் துடைத்து வைப்பாள்.

அன்றைக்கு அவளுக்கு மத்தியானம்வரை வேலை. முடித்துவிட்டுச் சேலை கட்டி மண்டபத்துக்கு வருவதாகத்தான் இருந்தது. சேலையும் பிளவுசும் கதிரையில் மடித்து வைத்திருந்தாள். அந்த மண்டபத்தை எடுத்துத் தந்ததே நான். நான் துப்புரவு வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்குப் பக்கத்துக் கட்டிடம். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒடுங்கின பாதை, தீயணைப்பு வண்டிக்கும் அம்புலன்சுக்கும் மட்டும் என்று பலகை போட்டது. தட்டங்களை இறக்க ஐந்து நிமிசம் என்று உன் கடை வானை அதில் விட்டாய். பாரிசிலிருந்தும் முலூசிலிருந்தும் வந்தவர்கள், வீட்டுக்காரனே விட்டிருக்கிறான் என்று உனக்குப் பின்னால் வரிசையாக விட்டார்கள்.

அவள் சீருடையோடு மண்டப வாசலில் வந்து நின்றபோது சனம் முதலில் சிரித்தது. ஏதோ பகிடி என்று ஒருவன் வீடியோகூட எடுத்தான். அவள் உன்னிடம் வந்து மெதுவாகத்தான் சொன்னாள். நான் பக்கத்தில் ஆராத்தித் தட்டோடு நின்றதால் எனக்குக் கேட்டது. "மாமா, பக்கத்திலை ஒரு அம்மா விழுந்திட்டா. அம்புலன்ஸ் உள்ளுக்கை வர ஏலாமல் நிக்குது. வாகனங்களை எடுக்கச் சொல்லுங்கோ."

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். "பிள்ளை, முதல்லை சாப்பிடு. எல்லாம் பிரான்ஸ் நம்பர். ஆர் எங்களுக்குப் பாலம் கடந்து தண்டம் அனுப்பப்போறான்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் இரண்டாந்தரமும் கேட்டாள். ஆராத்தி முடியட்டும் என்றாய். மேளச் சத்தத்தில் அம்புலன்ஸ் என்ற சொல் உன் காதில் விழவேயில்லை என்றுதான் நான் இன்றுவரை நினைக்கிறேன். உன்னை வளர்த்தவள் நான். கேட்டிருந்தால் நீயே முதலில் ஓடியிருப்பாய்.

அவள் வெளியே போய் எழுதினாள். இழுக்கிற லொறியைக் கூப்பிட்டாள். லொறியைக் கண்டதும் மற்றவர்கள் ஓடிப்போய்த் தங்கள் வாகனங்களை எடுத்துக்கொண்டார்கள். நீ மேடையில் நின்றாய். உன் வான் போனது. அதற்குள்ளே கண்மணி இரண்டாவதாகக் கட்ட வைத்திருந்த பச்சைச் சேலையும் போனது. அந்தக் குழந்தை உடுப்பு மாற்றுகிற அறையில் இருந்து அழுதாள். அவளுடைய நாள் அது. அதற்குள் மற்றவர்கள் எல்லாரும் புகுந்துவிட்டோம்.

விழுந்த கிழவியின் பெயர் பிரவ் ஓபிரெக்ட். அந்த இல்லத்தில் நான் துப்புரவாக்குகிற மாடியில்தான் இருக்கிறா. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. லொறி வருமட்டும் காத்திருக்க முடியாமல், அம்புலன்ஸ்காரர் இரண்டுபேர் வாகனங்களின் பக்கக் கண்ணாடிகளை மடக்கி மடக்கி, ஸ்ட்ரெச்சரைச் சரித்துப் பிடித்து றோட்டுக்குக் கொண்டுபோனார்களாம். பயப்படாதே, பிழைத்துவிட்டா. இப்போது தள்ளுவண்டியைப் பிடித்து நடக்கிறா. அன்றைக்கு வாசித்தது என்ன வாத்தியம் என்று என்னிடம் கேட்டா. தவில் என்றேன். வலியோடு வலியாய் அதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாவாம்.

பிறகு வாசலில் வைத்து நீ சொன்னாய்: "உடுப்பைப் போட்டவுடனை நீ எங்கடை ஆளில்லை. இண்டையோடை எனக்கு அக்காவும் இல்லை, மருமகளும் இல்லை." அவள் கடைசி வாகனம் வெளியே போகுமட்டும் அந்தப் பாதையிலேயே நின்றாள். சாப்பிட வரவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுகிறேன். அந்த வரிசையில் எங்கள் பழைய ஓப்பல் காரும் நின்றது. அதற்கும் எழுதினவள். எங்களுடையது இந்த நாட்டு நம்பர்தானே, தபாலில் வீடு தேடி வந்தது. அத்தான் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்துப்போட்டு, "இது நீ எழுதினதோ?" என்று கேட்டார். "ஓம் அப்பா" என்றாள். "நல்ல வடிவாய் எழுதியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு வங்கிக்குப் போனார். அவரை உனக்குத் தெரியும்தானே. கோபமா பெருமையா என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. சொந்தக்காரரின் நிகழ்ச்சி என்றால் வேறு ஆளை அனுப்புகிறேன் என்று அவளுடைய மேலதிகாரி போனில் சொன்னானாம். அவள்தான் வேண்டாமென்றிருக்கிறாள். எனக்கு அதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. ஏனடி, விலகியிருக்கலாமே என்று சத்தம் போட்டேன். அவள் சொன்னாள்: "அம்மா, வேறை ஆள் வந்திருந்தால் நேரை லொறியைக் கூப்பிட்டிருக்கும். உள்ளுக்கை வந்து மாமாவிட்டைக் கேட்டிருக்காது." 

ஆனால் தம்பி, உன்னையும் எனக்குத் தெரியும். நாங்கள் எல்லாரும் இங்கே ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்த காலத்தில், உன்னுடைய அகதி வழக்கு தள்ளுபடியாகி, உன்னைத் திருப்பி அனுப்ப விடியப்புறம் பொலிஸ் வந்ததும், நீ என் அறையில் உடுப்பு அலுமாரிக்குள் நின்றதும் நேற்றுப்போல இருக்கிறது. பிறகு ஆற்றைக் கடந்து பிரான்சுக்குப் போய், வதிவிடப் பத்திரம் இல்லாமல் எத்தனை வருசம் சீருடையைக் கண்டால் மற்றத் தெருவுக்கு மாறினாய். குடியுரிமை எடுத்தபிறகுகூடக் கடை முன்னால் பொலிஸ் வண்டி மெதுவாகப் போனால் நீ உள்ளறைக்குப் போய்விடுவாய் என்று கனகவல்லி ஒருமுறை சொன்னாள். அப்படிப்பட்ட நீ, ஊர்ச் சனத்தையெல்லாம் கூப்பிட்டு, கோட்டுச்சூட்டோடு தலைநிமிர்ந்து நின்ற ஒரு நாளில், சீருடை மண்டபத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அதைப் போட்டிருந்தது உன் மருமகள். நீ கத்தினது அவளைப் பார்த்து இல்லை என்று எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் போன மாதம்தான் நான் துஷானிக்குச் சொன்னேன். அலுமாரிக் கதை அவளுக்குத் தெரியாது. அப்போது கைக்குழந்தை. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாமா ஒருநாளும் சொல்லேல்லையே" என்றாள். அடுத்த சனிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சாதாரண உடுப்போடு உன் கடைக்கு வந்திருக்கிறாள். நீ கண்ணாடிக்குள்ளால் கண்டுவிட்டுப் பின்கதவால் போய்விட்டாயாம். கனகவல்லி தேத்தண்ணி கொடுத்தாளாம். குடித்துவிட்டுத் திரும்பி வந்தவள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கனகவல்லி சொல்லித்தான் தெரியும். சொன்னதற்காக அவளைக் கோபிக்காதே.

ஒளிக்காமல் எழுதுகிறேன்: தண்டம் எழுதினதற்கு அவள் மன்னிப்புக் கேட்கமாட்டாள். கேள் என்று நானும் சொல்லப்போவதில்லை. கண்மணியின் நாளைக் குழப்பினதற்குக் கண்மணியிடம் கேட்க வேண்டுமென்று துடிக்கிறாள். பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கக் கண்மணிதான் வரவேண்டும் என்று வேறு பிடிவாதம்.

மாப்பிள்ளை வீட்டுக்கு இந்தக் கதை நாங்கள் சொல்ல முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் சனத்தின் வாயைப்பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. பையனின் தாய் போனில் நேராகவே கேட்டா: "பொம்பிளையின்ரை தாய்மாமன் வருவாரோ?" நான் யோசிக்காமல் ஓம் என்று சொல்லிவிட்டேன்.  கலியாணத்தன்று காலையில் பெண்ணின் தலையில் பாலும் அறுகம்புல்லும் தொட்டுப் பாலறுகு வைக்க முதல் கை உன் கை. நீ வராவிட்டால் டோட்மண்டில் இருக்கிற எங்கள் சித்தப்பாவின் மகனை நிறுத்தலாம் என்று அத்தானின் ஆட்கள் சொன்னார்கள். துஷானி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்: "மாமா வராட்டி அந்த இடம் சும்மா இருக்கட்டும்."

தம்பி, அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நீ மறந்திருக்கமாட்டாய். எனக்கு மாவட்டத்தைத் தாண்ட அனுமதியில்லை, உனக்குப் பத்திரமில்லை. பாலத்தில் இரண்டு நாட்டுக் காவலும் நிற்கும். நான் துஷானியைத் தூக்கிக்கொண்டு றைன் ஆற்றின் இந்தக் கரையில் வந்து நிற்பேன். நீ அந்தக் கரையில் சிவப்புத் தொப்பியோடு நிற்பாய், நான் அடையாளம் காணவேண்டும் என்பதற்காக. சத்தம் போட்டாலும் கேட்காது. கையைக் காட்டுவோம், அவ்வளவுதான். அவளின் சின்னக் கையைப் பிடித்து உனக்குக் காட்டுவேன். பிறகு குளிரில் வீட்டுக்குப் போய் அழுவேன். இப்போது பாலத்தில் ஒருவனும் நிற்பதில்லை. பத்திரம் காட்டு என்று கேட்க ஆளில்லை. நடந்து போகிறவர்களுக்கென்று புதுப்பாலமும் போட்டிருக்கிறார்கள். இப்போது பார்த்து இந்த ஆறு அகலமாகிவிட்டது.

கண்மணிக்கு நல்ல படிப்பும் நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும். கனகவல்லியின் முழங்கால் வலிக்கு நான் கொடுத்துவிட்ட எண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல். உன் கடையும் கையும் நிறைந்திருக்க அந்த அம்மாள் அருளட்டும்.

வைகாசி பதினெட்டாம் திகதி காலமை வா. அன்றைக்குத் தண்டம் எழுதுகிறவள் மணவறையில் இருப்பாள். என்றாலும் வாகனத்தை ஒழுங்கான இடத்தில் விடு ராசா. இடம் தேடிப் பிந்தினாலும் பரவாயில்லை. நீ வந்து கை வைக்குமட்டும் ஐயரைப் பொறுத்திருக்கச் சொல்லுகிறேன்.

எப்போதும் உன் அக்கா,
சுந்தரேஸ்வரி கணேசலிங்கம்