மார்பகப் பரிசோதனைக்கு வந்த அழைப்பு

செய்யூர்,
20-1-2024

அன்பு ரெஜினாவுக்கு அண்ணி எழுதுவது.

பொங்கலன்று நீ போனில் கூப்பிட்டபோது உன் அண்ணன் பக்கத்திலேயே இருந்தார். அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

மாதாமாதம் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பெண், மார்பகப் பரிசோதனைக்கு வரச்சொல்லி மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டேன். ஆனால் இடது பக்கம் பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்படுகிறது. வலி இல்லை. யார் முன்னால் ஜாக்கெட்டைக் கழற்றுவது என்று கூச்சமாக இருக்கிறது. அண்ணனிடம் சொல்லாதே. அங்கே உங்களுக்கும் இதெல்லாம் பார்ப்பார்களா?

வேர்க்கடலை இந்த வருஷம் பரவாயில்லை. குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி
எல்லம்மாள்


லெஸ்டர், இங்கிலாந்து
8-2-2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து முதியோர் இல்லத்தில் வேலை செய்யும்போதும் அதே நினைப்புதான்.

இங்கே ஐம்பது வயது தாண்டினால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, தேதியும் இடமும் போட்டு வீட்டுக்கே கடிதம் வரும். காசு கிடையாது. எனக்கும் வந்தது, போய் வந்தேன். பெண்கள்தான் எக்ஸ்ரே மாதிரி படம் எடுக்கிறார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, வலிக்கவும் இல்லை. ஒன்றுமில்லை என்று பதிலும் வந்துவிட்டது.

நானே போயிருக்கிறேன், உங்களுக்கு என்ன கூச்சம்? கோபித்துக்கொள்ளாமல் இந்த வாரமே போங்கள் அண்ணி. அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்
ரெஜினா


செய்யூர்,
30-7-2024

அன்பு ரெஜினாவுக்கு,

போனில் அண்ணன் மேலோட்டமாகச் சொல்லியிருப்பார். நீ போய் வந்தாய் என்று படித்த பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. இங்கே நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டுச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பஸ் மாறி மாறி நாலு முறை அலைந்தோம். படம் எடுத்தார்கள், ஊசியால் சதை எடுத்தார்கள், புற்றுநோய் என்றார்கள். ஆரம்ப நிலைதானாம். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

அண்ணன் திட்டுவார் என்று பயந்திருந்தேன். "இத்தினி நாளா என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவே இல்லை.

வலிக்கவில்லை என்று நீ எழுதியிருந்தாய், ஆனால் படம் எடுக்கும்போது எனக்கு வலித்தது. ரெஜினாவே போய் வந்தாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

உன் அண்ணி
எல்லம்மாள்


லெஸ்டர்,
3-3-2025

அன்புள்ள அண்ணி,

நான் அந்தப் பரிசோதனைக்குப் போகவில்லை.

கடிதம் வந்தது உண்மை. போகாததால் இரண்டாவது முறையும் வந்தது. வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். எங்கள் இல்லத்தில் இந்த நோயோடு கிடந்த ஒரு பெண்ணுக்கு எட்டு மாதம் நான்தான் சோறு ஊட்டினேன். நீங்கள் போகவேண்டும் என்பதற்காகப் பொய் எழுதினேன். எழுதிய பிறகாவது போயிருக்கலாம். உங்கள் நன்றியைப் படித்த அன்றைக்காவது போயிருக்கலாம்.

டிசம்பரில் முதுகு வலி என்று டாக்டரிடம் போனேன். மார்பிலிருந்து எலும்புக்குப் பரவியிருக்கிறதாம். முழுதாகக் குணமாகாது, மருந்தால் தள்ளிப்போடலாம் என்கிறார்கள். அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள். என்னால் முடியவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

ரெஜினா


செய்யூர்,
19-3-2025

என் ரெஜினாவுக்கு,

கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சவுக்குத் தோப்புப் பக்கம் போனவர், சாயங்காலம் வந்து, "அவள ஊருக்கு வரச் சொல்லு எல்லம்மா" என்றார். வைத்தியம் அங்கே நடக்கிறதே, பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவாள் என்று கேட்டேன். மறுநாள் காலையிலேயே பாஸ்போர்ட்டுக்கு என்ன செய்யவேண்டும் என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

உன்மேல் கோபப்படத்தான் பார்க்கிறேன். நீ எழுதிய பொய்யால்தான் உயிரோடு இருக்கிறேன், எப்படிக் கோபப்படுவது? நானும் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே. பரிசோதனைக்குத் தனியாகவா போனாய், பயமாக இருந்ததா என்று கேட்டிருந்தால் நீ மழுப்பியிருப்பாய், அப்போதே உன் பொய்யைக் கண்டுபிடித்திருப்பேன். வெளிநாட்டில் இருக்கிறவளுக்கு எல்லாம் தானாக நடக்கும் என்று இருந்துவிட்டேன்.

நாங்கள் இருவரும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். எப்போது வரும், விசா கிடைக்குமா, ஒன்றும் தெரியாது. அதுவரை, நீ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூட யார் வருகிறார்கள் என்று எழுது. யாரும் இல்லையென்றால், யாரும் இல்லை என்றே எழுது.

உன் அண்ணி
எல்லம்மாள்