அண்ணன் வைத்த பெயர்கள்

அண்ணா,

நேற்று என் வீட்டில், சொந்தக்காரர்கள் நடுவில், "உன்னை நர்சிங் படிக்க வெச்சேனே, அந்தக் கடனை எப்போ அடைக்கப் போறே?" என்று கேட்டாய். ஃபீஸ் கட்டிய அன்று அதற்குப் பாசம் என்றல்லவா பெயர் வைத்திருந்தாய்? எப்போது மாற்றினாய்?

படுத்த படுக்கையான அப்பாவை ஆறு வருடமாகக் குளிப்பாட்டி, ஊட்டிவிடுகிறேன். அதைச் சொன்னதும், "அது பொண்ணோட கடமைடி" என்றாய். நீ செய்தது கடன், நான் செய்வது கடமையா? சொல்ல வாய் கூசவில்லையா உனக்கு?

உள்ளறையில் அப்பா விழித்துத்தான் இருந்தார். நீ போனதும், "என்னை அவன்கிட்ட கொண்டுபோய் விடும்மா. அவனும் கொஞ்சம் கடமையைச் செய்யட்டும்" என்றார்.

உன் பணம் மாதாமாதம் வந்துவிடும். ஞாயிறு காலை ஆம்புலன்சில் அப்பா வருகிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவை. இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும்.

உன் தங்கை