அளவுக்கு நின்ற டீச்சர்

காக்ஸ் டவுன், பெங்களூரு
14 ஜூலை 2024

மரியாதைக்குரிய குளோரியா டீச்சர் அவர்களுக்கு,

ஆண்டவர் அருளால் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். ஷூ மட்டும் இன்னும் காயவில்லை. முதலில் உங்களுக்கு நன்றி. என் மனைவி மௌரீன் இறந்த பிறகு கடை, வீடு, கோவில் தவிர எங்கும் போகாதவனை, என் மகள் ஆஞ்சலா பிடித்து ஹொன்னாவர் ரயிலில் ஏற்றிவிட்டாள். நீங்கள் நடத்துகிற ஒரு நாள் ஃபோட்டோ டூர்தானே என்று வந்தேன். அந்தக் கடலோர மேடு மழையில் அத்தனை பச்சையாக நின்றதைப் பார்த்து, இத்தனை வருஷம் மழைக்கோட்டும் தார்பாலினும் விற்றவன், குடையை மடக்கி வைத்துவிட்டு வேண்டுமென்றே நனைந்தேன்.

ஃபோனில் பார்க்க மாட்டேன், பிரிண்ட் போட்டு அனுப்புங்கள் என்றீர்களே, இத்துடன் வைத்திருக்கிறேன். 'படத்தில் ஆள் வேண்டாம்' என்று எல்லாருக்கும் சொன்னீர்கள். நான் மட்டும் கேட்கவில்லை. அது கடைப் பழக்கம். தார்பாலினை விரித்து ஃபோட்டோ அனுப்பும்போது பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தாவிட்டால் கோலார் கஸ்டமருக்கு அளவு தெரியாது. சரக்கு திரும்பி வரும். அதனால்தான் அருவி, கோட்டைச் சுவர், பாறை என்று எல்லா இடத்திலும், "டீச்சர், கொஞ்சம் அளவுக்கு நில்லுங்க" என்றேன்.

ஆஞ்சலா படங்களைப் புரட்டிவிட்டு, "ஏன்ப்பா, சீனரி எடுக்கப் போனியா, டீச்சரை எடுக்கப் போனியா?" என்றாள். திட்டலாம் என்று வாங்கிப் பார்த்தேன். திட்ட முடியவில்லை.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. வயது அறுபத்திரண்டு. சர்க்கரை உண்டு, மாத்திரையில் அடங்கியிருக்கிறது. என்னைக் கல்யாணம் செய்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா? யோசித்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் என் நன்றி குறையாது.

இப்படிக்கு,
கில்பர்ட்

ஹொன்னாவர்
20 ஆகஸ்ட் 2024

கில்பர்ட் சாருக்கு,

படங்கள் வந்தன. நிஜமாகவே தார்பாலின் பக்கத்து ஆள் மாதிரிதான் கையைத் தொங்கப்போட்டு நிற்கிறேன். ஃபோகஸ் சுமார். அன்று காலை முழுக்க நான் சொல்லிக்கொடுத்தது வீண்.

ஆனாலும் நன்றி. என் கணவர் க்ளென் உயிரோடு இருந்தபோது என்னை எடுத்த படங்களில் பாதி அவருடைய கட்டைவிரல்தான். அவர் போன பிறகு கேமரா என் கைக்கு வந்தது. அதன் முன்னால் நான் நின்றதே இல்லை. அன்றைக்குச் சிரித்திருக்கிறேன் என்பதே இந்தப் படங்களைப் பார்த்துத்தான் தெரிந்தது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது ஜூலை. ஜூலையில் இந்தக் கரையைப் பிடிக்காதவர் யார்? ஒரு சாம்பிளை மட்டும் பார்த்துவிட்டு முழு லோடு இறக்குவீர்களா? மே மாத டூருக்கு வாருங்கள். புல்லெல்லாம் காய்ந்து மேடு ரஸ்க் மாதிரி இருக்கும். வேர்வையில் கேமரா வழுக்கும். எனக்கு முழங்கால் வலி, எல்லார் மேலும் எரிந்து விழுவேன். அதையும் பார்த்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறந்த ஊர்தானே என்று பெங்களூருக்குத் திரும்பி வருவேன் என்று நினைக்காதீர்கள். இந்த இடத்தை நான் விட மாட்டேன்.

குளோரியா டீச்சர்

காக்ஸ் டவுன்
19 மே 2025

அன்புள்ள டீச்சர்,

கிறிஸ்துமஸ் கார்டைத் தவிர ஒன்றும் எழுதாமல் மே வரை பொறுத்தேன். மே மாதத்தில் கடையை விட்டுப் போகிறவனை எங்கள் தொழிலில் பைத்தியம் என்பார்கள். மழைக்கு முன்னால் எல்லாரும் வாங்க வருவது அப்போதுதான். சாவியை ஆஞ்சலாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் எழுதியதில் ஒரு சொல் பொய்யில்லை. நிழல் கிடையாது. தண்ணீர் கேனைச் சுமந்து என் தோள் இறங்கிவிட்டது. வைட்ஃபீல்டிலிருந்து வந்த இரண்டு பேர் பாறை விளிம்பில் செல்ஃபி எடுக்கப் போனபோது, கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தீர்கள் பாருங்கள் ஒரு திட்டு. நடுவில் எனக்கும் ஒன்று: "நீங்க என்ன சார் வேடிக்கை பாக்கறீங்க, கையைப் புடிச்சு இழுங்க." இழுத்தேன்.

பச்சை போன பிறகு பாறையின் வெடிப்பு, ஒட்டு எல்லாம் தெரிந்தது. தார்பாலினில் நான் நிறத்தைப் பார்க்கிறவன் இல்லை. திருப்பிப் போட்டுத் தையலைத்தான் பார்ப்பேன். தையல் கெட்டி. கரையைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஆஞ்சலா, "நீ அங்கயே இருந்திருக்கலாம்ப்பா, உன்னைவிட நான் நல்லா ஓட்டினேன்" என்கிறாள். உண்மைதான். கொஞ்சம் சுருக்கென்றது; அப்புறம் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

அதனால் நீங்கள் எங்கும் வர வேண்டாம். நான் ஹொன்னாவர் வந்துவிடுகிறேன். வேன் ஓட்டுவேன். மீன் பார்த்து வாங்குவேன். டூருக்கு வருகிறவர்களிடம் பேரம் பேச நீங்கள் லாயக்கில்லை, அதை என்னிடம் விட்டுவிடுங்கள். மறுபடி கேட்கிறேன். சம்மதமா?

கில்பர்ட்

ஹொன்னாவர்
10 ஜூன் 2025

அன்புள்ள கில்பர்ட்,

மழை பிடித்துவிட்டது. மேடு மறுபடி பச்சை கட்டுகிறது. அந்தக் குளிர்ச்சியில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். முடிவு மே மாதமே ஆகிவிட்டது. அந்த ஆளைப் பிடித்து இழுத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தீர்களே, அப்போது. எழுதத்தான் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய், பூசையில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்க வேண்டும் என்றேன்.

"யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தான் ஃபாதர்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் எழுந்து வந்து என் தலையில் கை வைத்து ஜெபித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயதில் கேட்கவும் ஓர் ஆள் வந்ததற்கு, மே வெயிலிலும் திரும்பி வந்ததற்கு, நன்றி.

ஞானஸ்நானச் சான்றிதழ் புதிதாக எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். நான் ஞானஸ்நானம் வாங்கியது உங்கள் கோவிலில்தான். இந்த முழங்காலோடு என்னால் இப்போது பெங்களூர் வர முடியாது. நீங்களே போய் வாங்கி அனுப்புங்கள். கோவில் ஆபீஸில் இருக்கிற டீனா, எதற்கு என்று கேட்காமல் கொடுக்க மாட்டாள். அவளுக்குத் தெரிந்தால் அன்று சாயங்காலமே காக்ஸ் டவுன் முழுக்கத் தெரியும்.

கேட்டால், சொல்லிவிடுங்கள்.

குளோரியா