அம்மிணி குடிக்காத பால்

1944 ஜூலை 3, திங்கள்

விடாத மழை. வேஷ்டி ஒன்றும் காயவில்லை.

முதலில் வெட்கக்கேடு. வயசு நாற்பத்தெட்டு. ஆபீசில் ஹெட் கிளார்க். மாட்டுங்கா தமிழர் சங்கத்தில் ஹாஸ்ய எழுத்தாளன் என்று பெயர். பத்து நாளாகக் குழந்தைப் பாலைத் திருடிக் காப்பி போட்டுக் குடிக்கிறேன். தம்பி மணியின் குழந்தை, ஒண்ணரை வயசு. யுத்த காலம், பால் கிடைப்பதே பாடு. சாயங்காலம் பெண்டுகள் இருவரும் கீழே குழாயடிக்குப் போகும் கால்மணி நேரம்தான் என் சுபமுகூர்த்தம்.

பலன்: என் பார்வதிக்கும் மணியின் பெண்டாட்டி லலிதாவுக்கும் பேச்சு நின்றுபோயிற்று. பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொள்கின்றன. மணி தனிக்குடித்தனத்துக்குச் செம்பூரில் ரூம் பார்க்கிறானாம். சொன்னது எதிர்வீட்டு மாமி. எங்காத்து சமாசாரம் எங்களுக்கு முந்தி அவளுக்கு.

ஜூலை 4, செவ்வாய்

காலையில் லலிதா, சுவரைப் பார்த்து: "இந்த ஆத்துல பாலுக்குக் கால் முளைச்சிருக்கு."

பார்வதி கரண்டியை ணங்கென்று வைத்தாள். நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அம்மிணிதான் குடிக்கறது. நானே பார்த்தேன்."

"அண்ணா பார்த்தேளா?" என்றான் மணி.

"பார்த்தேன்."

இன்னொரு தரம் கேட்டான். இன்னொரு தரம் பார்த்தேன் என்றேன். அம்மிணி ஜன்னலில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷமாக எங்கள் பூனை.

சாயங்காலம் அம்மிணி கோணிப்பைக்குள். மணி திரும்பி வந்து, "சுனாபட்டிப் பக்கம் விட்டுட்டேன் அண்ணா. மீன் தலை கிடைக்கும். நம்மாத்துத் தயிர்சாதத்துக்கு அது எவ்வளவோ தேவலை." சிரிக்கவில்லை. நானும்.

ஜூலை 5, புதன்

பால் குறையவில்லை. எப்படிக் குறையும், நான் தொடாதபோது? லலிதாவும் பார்வதியும் சேர்ந்து அரிசியில் கல் பொறுக்கினார்கள், ரேஷன்காரனைத் திட்டிக்கொண்டு. அடுப்பு இரண்டாகாமல் தப்பியது. நான் சாணக்கியன்.

அம்மிணி செய்த குற்றங்கள்:
1. சங்கத்து செக்ரட்டரி மடியில் குட்டி போடப் பார்த்தது.
2. எதிர்வீட்டு மாமி பாட ஆரம்பித்தால் எழுந்து போய்விடும். (குற்றமா?)
3. நான் ஆபீஸ் விட்டு வரும்போது மாடிப்படித் திருப்பத்தில் காத்திருக்கும். மழையானாலும்.

இன்று படி ஏறும்போது திருப்பத்தில் காலைத் தூக்கி வைத்தேன், மிதித்துவிடாமல். பழக்கதோஷம்.

ஜூலை 7, வெள்ளி

பால்கார பையா வாசலில். "பாபுஜி, ஆப்கீ பில்லி..." உங்கள் பூனை என்று ஆரம்பித்தவன் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

சயானிலிருந்து வரும் பெரிய ரோடு. மிலிடரி லாரி ஏறிவிட்டதாம். அம்மிணி மூன்று நாள் நடந்திருக்கிறது, இந்த மழையில். மூஞ்சி எங்கள் கட்டிடத்துப் பக்கம். இன்னும் இரண்டு சந்து தாண்டினால் வீடு.

குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு நின்றேன், பையா மண்வெட்டி கொண்டுவரும்வரை. செத்ததற்கு என்ன ஜலதோஷமா பிடிக்கும்? ரயில்வே வேலியோரம் குழி. ஆபீசுக்கு லீவு: "வயிற்றுக் கோளாறு." அதுவும் பொய்.

மணியிடம் சொன்னேன். பால்கனியில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். லலிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே.

சங்கத்து மலருக்கு ஹாஸ்யக் கட்டுரை இன்று கெடு. தலைப்பு மட்டும் எழுதினேன். அடித்தேன்.

ஜூலை 8, சனி

அரை நாள் ஆபீஸ். ஹோட்டலில் காப்பி. இறங்கவில்லை. பாதி வைத்துவிட்டு வந்தேன். என் ஆயுளில் முதல் தடவை.

செம்பூர் ரூம் வேண்டாமென்று மணி சொல்லிவிட்டானாம். (எதிர்வீட்டு மாமி.) என் பொய்தான் வீட்டைத் தாங்கி நிற்கிறது. சொன்னால் இடியும். சொல்லாவிட்டால் மாடிப்படி ஏற முடியவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

வெயில், கொஞ்சம். மணியும் லலிதாவும் குழந்தையோடு கோயிலுக்கு. பார்வதி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து உளறிவிட்டேன். பால், பத்து நாள், பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்ன பொய், எல்லாம்.

தலையைத் தூக்கவில்லை அவள். "எனக்கு முன்னாடியே தெரியும்னா."

"எப்படி?"

"பூனை டபராவை அலம்பிக் கவுத்து வெக்குமோ? லலிதாதான் மொதல் நாளே காமிச்சா. உங்களை யார் கேக்கறதுன்னுதான் எங்களுக்குள்ள அத்தனை சண்டையும்."

"மணிக்கு?"

"அவருக்கும்தான். அண்ணா வாயால பூனைன்னு வந்தாச்சு. அதுக்கு மேல அவர் என்ன பண்ணுவார், பாவம்?"