பெரட்டும் பிரட்டலும்

மார்ச் 12, வியாழன்.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பதுளை கம்ப்யூட்டர் வகுப்பில் இன்று என் புரோகிராமைக் காட்டும் முறை. தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்காக எழுதியது. ஆள் பேரை அமுக்கினால் வந்தாச்சு என்று பதிவாகும். விண்டோவுக்குத் தலைப்பும் 'பெரட்டு' என்றே வைத்திருந்தேன். புரோகிராம் எழுதுகிற எடிட்டருக்குள்ளேயே ஓடவிட்டேன். விண்டோ வெள்ளையாக வந்து அப்படியே உறைந்துவிட்டது.

சார் தலைப்பை மட்டும்தான் பார்த்தார். "பெரட்டுன்னா என்னம்மா, கோழிப் பிரட்டலா?" வகுப்பே சிரித்தது. "தமிழ்ல பேர் வச்சா இப்படித்தான் ஸ்டக் ஆகும். இங்கிலீஷ்ல மாத்து."

மாற்றினேன். இங்கிலீஷிலும் உறைந்தது. அதற்குள் அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

எடிட்டரை மூடிவிட்டு, அதே ஃபைலைப் பழைய தலைப்போடு தனியாக ஓடவிட்டேன். ஒழுங்காக ஓடியது. எடிட்டர் தன் விண்டோவைக் கவனிப்பதிலேயே இருக்கிறது. அதற்குள் மாட்டிக்கொண்ட என் விண்டோவுக்கு முறையே வருவதில்லை. பேர் கூப்பிடாமலே ஒரு ஆளை நிற்கவைத்த மாதிரி.

"சார், இப்ப ஓடுதுங்க. வந்து பாருங்க."

"எடிட்டருக்குள்ள ஓடலைல்ல? மார்க் போட்டாச்சு" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவர் டவுன்காரர், தெரியாது, போகட்டும். பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த ஸ்டெல்லாவுக்கு என்ன வந்தது? எங்கள் தெமோதரைத் தோட்டத்தில் அவள் அம்மாவும் என் அம்மாவும் தினமும் ஒரே பெரட்டில்தான் நிற்கிறார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் இருந்தது. நான் நின்றுகொண்டே வந்தேன்.