அவர் பெயரில் போன குழாய்

செப்டம்பர் 17, செவ்வாய்
புரட்டாசி பிறந்தது. கறிச்சட்டியைக் கழுவிப் பரணில் போட்டேன். பதினொரு மணிக்கு டாக்டர் பூஜிதா என்று ஒரு பெண் வந்தாள். குடல் புற்றுநோய் பற்றி ஆராய்ச்சியாம். கருமத்தம்பட்டியில் ஐம்பது தாண்டியவர்களைக் குலுக்கி எடுத்ததில் என் வீட்டுக்காரர் பெயரும் விழுந்ததாம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க, குச்சி வைத்த சின்னக் குழாய் ஒன்று கொடுத்தாள். காசு வேண்டாமாம். அப்படியென்றால் வேறென்ன வேண்டும்?

செப்டம்பர் 18
இவரிடம் சொன்னேன். தறியை நிறுத்தாமலே, "ஏம்புள்ள, அதையெல்லாம் அள்ளிக் குடுக்க நாந்தான் கெடச்சனா?" என்றார்.

செப்டம்பர் 19
பக்கத்து வீட்டு சாமியாத்தாள்: "இப்படித்தானுங்கக்கா ஆரம்பிப்பாங்க. அப்புறம் ரத்தம் இருக்குதும்பாங்க, ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவாங்க." நானும் அதைத்தான் நினைத்தேன்.

செப்டம்பர் 21, சனி
பெருமாளுக்குத் தளிகை. குழாயை வெறுமனே திருப்பிக் கொடுத்தால் அவள் விடமாட்டாள். ஒன்பது வருடமாக நான் கறி சாப்பிடவில்லை, சனிக்கிழமை ஒருபொழுது. என் உடம்பில் எதைக் கண்டுபிடிப்பார்கள்? காலையில் என்னுடையதையே எடுத்து வைத்துவிட்டேன். குழாயில் அவர் பெயர். பொய்தான் — பெருமாளே, ஆளைக் காப்பாற்றத்தானே.

செப்டம்பர் 23
வாங்கிப் போனாள். "ஐயாவோடதுதானுங்களே?" எதற்குக் கேட்டாள்? ஆமாம் என்றேன்.

அக்டோபர் 4
போன் வந்தது. "ரத்தம் தெரியுதுங்க. மூலமாக்கூட இருக்கலாம், பயப்படாதீங்க. ஐயாவக் கூட்டிட்டு வாங்க, உள்ள கேமரா விட்டுப் பார்த்துரலாம்." சாமியாத்தாள் சொன்னது அப்படியே. எல்லாரிடமும் இதைத்தான் சொல்வார்களோ?

அக்டோபர் 5, சனி
குலுக்கலில் விழுந்த எதிர்வீட்டு நஞ்சப்பனைக் கேட்டேன். அவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.
ஒருபொழுது இருந்த நாட்களைக் குறித்துவைக்கும் விரத நோட்டைப் புரட்டினேன். மே மாதத்திலிருந்து ஓரத்தில் நானே வைத்த புள்ளிகள், வயிறு வலித்த நாட்கள். எண்ணினால் பதினாலு. ஜாக்கெட் தொளதொளத்ததை விரதத்தின் பலன் என்று எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 7
இவருக்கும் போன் போய்விட்டது. "நான் குடுக்கவே இல்லியே, என்னத்துல ரத்தம்?" என்றார். நான் செய்ததைச் சொன்னேன். இவர் போய்த் தறியை நிறுத்தினார்.

அக்டோபர் 24, வியாழன்
என்னை உள்ளே பார்த்துவிட்டார்கள். குடலில் கட்டி. பரவின மாதிரி தெரியவில்லை என்கிறார்கள். திங்கட்கிழமை ஆபரேஷன். அதுவரை ஒருபொழுது கூடாதாம். இவர் கஞ்சி காய்ச்சினார், உப்பில்லை. குடித்தேன்.
குழாயை மாற்றியதற்குப் பூஜிதா திட்டவில்லை. விரத நோட்டைப் பார்க்கலாமா என்றாள். எதற்கு என்று வாய்வரை வந்தது. கொடுத்துவிட்டேன்.
இவருக்குப் புதுக் குழாய் தந்திருந்தாள். அதில் தன் பெயரைத் தானே எழுதி, என் கையில் கொடுக்காமல், இவரே கொண்டுபோய் அவளிடம் கொடுத்தார்.